வலது மூலையில் வெள்ளை

சதுரங்கப் பலகையை விரிக்கும்போது ஆடுபவரின் வலக்கைப் பக்கத்து மூலைக் கட்டம் வெள்ளையாக இருக்க வேண்டும். ஆட்டம் கற்கும் எவருக்கும் முதல் நாளே சொல்லப்படும் விதி இது. என் மனைவிக்கு இதைச் சொன்னவன் நான். திருமணமான புதிதில், ஒரு மழை நாளில், மரப்பலகை ஒன்றை நடுவில் வைத்துச் சொன்னேன். அவள் ஒருமுறை தலையசைத்தாள். மறுமுறை கேட்கவில்லை.

நான் கல்லூரியில் கணிதம் கற்பித்தவன். அவள் திருப்பூரில் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றின் தரப் பரிசோதகர்; ‘கியூசி’ என்பார்கள். நிறுவனத்துக்கு வேலை செய்து தரும் சிறு சிறு யூனிட்டுகளுக்குப் போய், துணியையும் தையலையும் அச்சையும் பார்த்து, பழுதானதை ஒதுக்குவது அவள் பணி. ஒரு நூல் நீட்டிக்கொண்டிருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. வீட்டில் என் சட்டைப் பொத்தான்கள்கூட அந்தக் கண்ணுக்குப் பதில் சொல்லியே வந்தன.

ஒரு நாள் மாலை அவள் ஒரு பனியன் துணியைக் கொண்டுவந்து மேசைமேல் விரித்தாள். அறுபத்துநான்கு கட்டங்களும் கறுப்பு வெள்ளையாக அச்சிட்டிருந்தன. ஆடுபவர் இருவரும் அமரும் பக்கங்களில், ராஜாவும் ராணியும் நிற்க வேண்டிய இடங்களுக்கு நேராகச் சின்னஞ்சிறு கிரீடங்கள். பெரியது ராஜாவுக்கு, சிறியது ராணிக்கு.

“உங்களுக்குன்னே பிரிண்ட் போட்டு வாங்கியாந்தனுங்க,” என்றாள்.

முதல் பார்வையிலேயே கண்டேன். வலது மூலை கறுப்பாக இருந்தது. கிரீடங்களும் இடம் மாறியிருந்தன. ஒரு பலகையைக் கண்ணாடியில் பார்த்தால் எப்படித் தெரியுமோ, அப்படி அச்சாகியிருந்தது. துணியைக் கால்வட்டம் திருப்பினால் கட்டங்கள் சரியாகிவிடும். ஆனால் கிரீடங்கள் பக்கவாட்டுக்குப் போய்விடும். நாள் முழுவதும் பிறர் பிழையைக் கண்டுபிடிக்கும் ஒருத்தி, கணவனுக்கென்று ஆசையாகச் செய்வித்த பொருளில் இதைத் தவறவிட்டிருக்கிறாள். சொல்லி அவள் முகம் வாடுவதைப் பார்க்க நான் விரும்பவில்லை. கிரீடங்கள் காட்டிய இடங்களில் காய்களை அடுக்கினேன். அவளும் அடுக்கினாள்.

அந்தத் துணியில் பதினெட்டு ஆண்டுகள் ஆடினோம். வெள்ளைக் காய்கள் எப்போதும் அவளுக்கு. தொடக்கமும் எப்போதும் ஒன்றே. இடப்பக்க நடுச் சிப்பாய் இரண்டு கட்டம் முன்னே வரும். அடுத்து இடப்பக்கக் குதிரை வெளியேறும். பிறகு இடப்பக்க மந்திரி சாய்வாக ஓடிப் பலகையின் வலப்பாதியில் போய் நிற்கும். நான்காவது நகர்வில் அதே குதிரை மீண்டும் துள்ளி, என் ராஜாவுக்குப் பக்கத்துக் கட்டத்தின்மேல் கண் வைக்கும். நான் என் குதிரையைப் பலகையின் ஓரத்துக்குக் கொண்டுபோய் அந்தக் கட்டத்தைக் காப்பேன். இந்த ஐந்தாறு நகர்வுகளும் எங்களுக்கு வணக்கம் சொல்லிக்கொள்வதைப் போல. உண்மையான ஆட்டம் அதன் பிறகுதான்.

பனியன் துணியை வெட்டிய ஓரம் தானாகச் சுருண்டுகொள்ளும். அதனால் அவள் ஒவ்வொரு முறை காய் நகர்த்தும்முன்பும் இடக்கைக் கட்டைவிரலால் துணியின் ஓரத்தை அமுக்கிப் பிடிப்பாள். அவள் நோயுற்ற காலத்தில், விரல்கள் மெலிந்துபோன பின்னும், அந்த அமுக்கல் மட்டும் மாறவில்லை.

பதினொரு மாதங்களுக்கு முன் மின்மயானத்தில், யாரையும் கேட்காமல், அந்தத் துணியை மடித்து அவள் கைகளுக்கு அடியில் வைத்தேன். அது அவளோடு போயிற்று. அந்த ஆட்டம் இனி என் ஒருவனுக்கு மட்டுமே தெரியும் என்று எண்ணிக்கொண்டேன். அந்த எண்ணம் எனக்கு ஒரு சொத்தைப் போல இருந்தது.

கடந்த மாதம் திருப்பூர் ராயபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் சதுரங்கப் போட்டி நடந்தது. வயது வரம்பில்லை, ஆளுக்கு அரை மணி நேரம். வேறொருவர் எதிரில் என்னால் உட்கார முடிகிறதா என்று அறியவே பெயர் கொடுத்தேன். முதல் சுற்றிலேயே பழக்கம் என்னைக் காட்டிக்கொடுத்தது. ராணியை ராஜாவின் கட்டத்தில் வைத்துவிட்டேன். நடுவர் அந்தப் பக்கமாக வந்தார். வார நாட்களில் ஒரு நிட்டிங் யூனிட்டின் மேலாளர் அவர்.

“ஏனுங்க சார், ராணிய ராஜா ஊட்டுல குடி வெச்சுட்டீங்க. பொறுமையா மாத்துங்க, நேரமிருக்குது,” என்றார். பக்கத்து மேசையில் சிரித்தார்கள். மாற்றிவைத்தேன்.

நான்காம் சுற்றில் எனக்கு எதிரே அமர்ந்தவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கலாம். நகக்கண்களில் நீல மை ஏறியிருந்தது. ஆண்டுக்கணக்கில் அச்சுப் பட்டறையில் நின்றவர்களின் நகம். வெள்ளை அவருக்கு. காய்களை வேகமாக அடுக்கினார். ராணியை ராஜாவின் கட்டத்தில் வைத்தார். ‘ச்சு’ கொட்டிவிட்டு மாற்றினார்.

தற்செயல் என்று கொண்டேன்.

கடிகாரத்தை அமுக்கினேன். அவர் இடக்கைக் கட்டைவிரலைப் பலகையின் ஓரத்தில் வைத்து அமுக்கினார். மேசைமேல் கிடந்தது தடித்த ரெக்ஸின் விரிப்பு. அது சுருளாது. அமுக்கிப் பிடிக்க அங்கே எதுவும் இல்லை. அமுக்கிக்கொண்டே இடப்பக்க நடுச் சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தினார்.

அடுத்த நகர்வு, மீண்டும் கட்டைவிரல், இடப்பக்கக் குதிரை. அதற்கடுத்தது, மீண்டும் கட்டைவிரல். மந்திரி சாய்வாக ஓடி வலப்பாதியில் நின்றது. நான்காவது நகர்வுக்கு அவர் யோசிக்கவேயில்லை. குதிரை துள்ளி வந்து, அவள் கண் வைக்கும் அதே கட்டத்தின்மேல் கண் வைத்தது. வீட்டுப் பலகையில் என் ராஜா நின்ற இடத்தில் இங்கே ராணி நின்றாள். வேறு எந்த மாற்றமும் இல்லை.

நான் என் குதிரையைப் பலகையின் ஓரத்துக்குக் கொண்டுபோனேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். சற்றுக் கூடுதலாகவே பார்த்தார்.

கணக்கைப் போல அடுக்கிப் பார்த்தேன். மூன்று விளக்கங்களுக்கு இடமிருந்தது. முதலாவது, இந்தத் தொடக்கம் இப்போது கைப்பேசிக் காணொளிகளில் பரவியிருக்கிறது. அவர் அங்கே கற்றிருக்கலாம். ஆனால் காணொளி கட்டைவிரலைக் கற்பிக்காது. இரண்டாவது, கட்டைவிரலுக்கு அடியில் ஏதோ கருவி இருக்கிறது; எங்கிருந்தோ அவருக்குக் குறிப்பு வருகிறது. மூன்றாவது, எரிந்துபோன அந்தத் துணியில், நான் இல்லாத ஒரு நேரத்தில், அவள் இந்த மனிதரோடு ஆடியிருக்கிறாள்.

மூன்றாவதை நினைத்த கணத்திலேயே அதற்கான சான்றுகளை என் மனம் திரட்டத் தொடங்கிவிட்டது. அச்சு யூனிட்டுகளுக்குப் போகும் நாட்களில் அவள் வீடு திரும்பத் தாமதமாகும். சாப்பாடு அங்கேயே ஆயிற்று என்பாள். யாரோடு என்று நான் கேட்டதில்லை. கேட்காமல் இருந்ததைப் பெருந்தன்மை என்று நினைத்திருந்தேன். இறந்தவளைக் குறுக்கு விசாரணை செய்துகொண்டிருக்கிறேன் என்பது தெரிந்தது, நிறுத்த முடியவில்லை. என் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

மூன்றாவதை யாரிடமும் புகார் செய்ய முடியாது. எனவே இரண்டாவதைப் புகார் செய்தேன். கையை உயர்த்தி நடுவரை அழைத்தேன்.

“இவருக்கு வெளியிலிருந்து குறிப்பு வருதோன்னு சந்தேகப்படறனுங்க,” என்றேன்.

நடுவர் கடிகாரத்தை நிறுத்தினார். “எதை வெச்சுச் சொல்றீங்க சார்?”

“கட்டைவிரல். ஒவ்வொரு தடவையும் ஓரத்தை அமுக்கிட்டுத்தான் காயை எடுக்கறாரு. அடியில என்னமோ இருக்கோணும்.”

நடுவர் விரிப்பைத் தூக்கிப் பார்த்தார். மேசையின் அடியைத் தடவினார். எதிராளியின் காதுகளைப் பார்த்தார். சட்டைப் பையைக் காட்டச் சொன்னார். ஒரு சீப்பும் பஸ் டிக்கெட்டும் இருந்தன. மண்டபத்தில் பாதிப் பேர் ஆட்டத்தை விட்டு எங்களைப் பார்த்தார்கள். எதிரிலிருந்தவர் எழுந்து நின்று இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். அவர் பேச்சில் தெற்குச் சீமை தெரிந்தது.

“நல்லா பாத்துக்கிடுங்க சார். காலைல தின்ன நாலு இட்லியத் தவிர உள்ள ஒண்ணும் கெடையாது. அதுவும் குறிப்பு குடுக்குத மாதிரி இட்லி இல்ல.”

சிரிப்பு எழுந்தது. ஆனால் சொன்னவரின் காதுமடல்கள் சிவந்திருந்தன.

நடுவர் என் பக்கம் குனிந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, “சார், கோவிச்சுக்காதீங்க. நீங்களுந்தானுங்க அமுக்கறீங்க,” என்றார்.

பார்த்தேன். என் இடக்கைக் கட்டைவிரல் விரிப்பின் ஓரத்தில் இருந்தது. நகம் வெளுக்கும் அளவுக்கு அமுக்கிக்கொண்டிருந்தது. எடுத்துவிட்டேன்.

இடையூறுக்கு ஈடாக நடுவர் அவருக்கு இரண்டு நிமிடம் கூட்டிக் கொடுத்தார். ஆட்டம் தொடர்ந்தது. அவர் அதன்பின் பலகையின் ஓரத்தைத் தொடவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டார். தொட நினைத்துப் பின்வாங்குவது தோளில் தெரிந்தது. எனக்கு ஒரு சிப்பாய் கூடுதலாக இருந்தது, காய்களின் நிலையும் நன்றாகவே இருந்தது. ஆனால் யோசித்தது ஆட்டத்தைப் பற்றி அல்ல. என் கொடி விழுந்தது. நேரம் தீர்ந்து தோற்றேன்.

புகாரைத் திரும்பப் பெறுவதாக ஒரு தாளில் எழுதி நடுவரிடம் நீட்டினேன். “வாயில சொன்னாலே போதுமுங்க சார்,” என்றார். எழுத்தில் இருக்கட்டும் என்றேன். பிறகு வாசலில் தேநீர் வாங்கிக்கொண்டு நின்ற எதிராளியிடம் போய் மன்னிப்புக் கேட்டேன்.

“அதெல்லாம் ஒண்ணுமில்ல சார்,” என்றார். தேநீரை ஒரு மிடறு குடித்தார். “ஒண்ணு கேட்டா தப்பா எடுத்துக்கிட மாட்டியளே? அந்தக் குதிரையக் கொண்டு போயி ஓரத்துல வச்சிய பாத்தியளா, அப்பமே எனக்கு ஒரு மாதிரி ஆயிட்டு. நீங்க கியூசி மேடம் வீட்டு சாரா?”

ஆமாம் என்றேன்.

“அதான பாத்தேன்!” அவர் முகம் முழுவதும் மலர்ந்தது. “சார், அந்தத் துணிக்கு ஸ்கிரீன் போட்டதே நாந்தான். வெளிநாட்டுக்கு, சின்னப் பிள்ளைய டிரெஸ்ஸோட சேத்துப் பேக் பண்ணுத ஆர்டர். பிலிமத் திருப்பி வச்சு எக்ஸ்போஸ் பண்ணிட்டேன். இடம் வலம் மாறிட்டு. மாஸ்டரும் பாத்தாரு, ஓனரும் பாத்தாரு, ஒருத்தருக்கும் தெரியல. கட்டம்னா கட்டம்தானன்னுட்டாவ. மேடம் வந்து துணியத் தூக்கிப் பிடிச்சாவ. ஒரு நிமிசம் ஆகல. ‘வலது மூலையில் வெள்ளை வரணும், எங்க வீட்டு சார் சொல்லிக் கொடுத்திருக்காரு’ன்னுட்டு அம்புட்டையும் ரிஜெக்ட் பண்ணிட்டாவ.”

அவர் உற்சாகத்தில் என் முகத்தைக் கவனிக்கவில்லை.

“எவன் போட்ட ஸ்கிரீன்னு மாஸ்டர் குதிச்சாரு. மேடம் அவர அதக் கேக்கவே விடல. சரி, ரிஜெக்ட் பீஸ் பூராவும் எங்க கைக்கு வந்துட்டுதா? மத்தியானம் சாப்பிட்டுட்டு அதுலதான் ஆடுவோம். ஓரம் சுருட்டிக்கிட்டே நிக்கும், விரல் வச்சாத்தான் படியும். மேடம் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தா நின்ன வாக்குல நாலு காய் நகத்திட்டுப் போவாவ. இன்னைக்கு நான் ஆடுனது அவிய ஆட்டந்தான். அதுக்கு எங்க வீட்டு சார் குதிரைய ஓரத்துல கொண்டு வைப்பாருன்னும் சொல்லுவாவ. ஒண்ணு மேடம் வீட்டுக்கும் எடுத்துட்டுப் போனாவ. சார் கண்டுபிடிக்காரான்னு பாப்போம்னு. அதுக்கப்புறம் எப்ப வந்தாலும் கேப்போம்: மேடம், சார் கண்டுபிடிச்சிட்டாரா? ‘இல்லப்பா, கணக்கு வாத்தியாரு இன்னும் முழிச்சிக்கிட்டே இருக்காரு’ம்பாவ. மொத்த டேபிளும் சிரிக்கும்.”

அவரும் சிரித்தார். பிறகு, “மேடம் சுகமா இருக்காவளா சார்?” என்றார்.

“இல்லைங்க. போய் பத்து மாசமாச்சு,” என்றேன்.

கையிலிருந்த தேநீர்க் கோப்பையை அவர் சுவரோரம் வைத்தார். கிளம்பலாமென்று நான் திரும்பியபோது பின்னாலிருந்து கூப்பிட்டார்.

“சார். ஒண்ணு சொல்ல விட்டுட்டேன். நான் அந்த யூனிட்ட விட்டு நிக்கதுக்கு முன்னால, கடைசியா ஒரு தடவ கேட்டேன், சார் கண்டுபிடிச்சிட்டாரான்னு. மேடம் சிரிக்கல. ‘அந்த மனுசன் மொத நாளே பாத்துட்டாரு. வாயத் தொறக்க மாட்டேங்காரு. நானும் தொறக்கப் போறதில்ல. யாரு பெரிய அழுத்தக்காரருன்னு பாத்துருவோம்’னாவ.”

அன்று வீடு வந்து சேரும்வரை அந்த வாக்கியத்தைத்தான் சோதித்துக்கொண்டிருந்தேன். அவர் சொன்னதில் இரண்டு பகுதிகள் இருந்தன. துணி பிழையானது என்று அவள் அறிந்திருந்தாள் என்பது முதற்பகுதி. அதற்கு என்னிடமே சான்று இருந்தது. எங்கள் துணியின் வலது மூலையில், கறுப்புக் கட்டத்தின் அருகே, விரல்நுனி அளவுக்கு ஒரு பிசுக்கு இருந்தது. எத்தனை முறை துவைத்தாலும் அங்கே மட்டும் தூசி ஒட்டும். ஏதோ பண்டம் சிந்திய கறை என்று நகத்தால் சுரண்டியிருக்கிறேன். பரிசோதகர்கள் பழுது இருக்கும் இடத்தைக் காட்டச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள் என்பது எனக்குத் தெரியும். அவள் கைப்பையில் சுருள் சுருளாகக் கிடக்கும். வீட்டுக்குக் கொண்டுவரும்முன் அம்பை உரித்திருக்கிறாள். பசை தங்கிவிட்டது. பதினெட்டு ஆண்டுகள் அந்தப் பசை என் கண்ணெதிரே இருந்தது.

நான் அவளுக்கு இரக்கம் காட்டிக்கொண்டிருந்ததாக நினைத்த ஒவ்வொரு மாலையும், இரக்கத்துக்குத் தேவையே இல்லாத ஒருத்தி என் எதிரே உட்கார்ந்து ஓரத்தை அமுக்கிக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது பகுதிக்குச் சான்று இல்லை. நான் அறிவேன் என்பதை அவள் அறிந்திருந்தாளா? அறிந்திருந்தால், எங்களுக்கு நடுவே இருந்தது வாய்விட்டுச் சொல்லாத ஒரு விளையாட்டு. அறியாதிருந்தால், சொல்லிக்கொடுத்த விதியையே மறந்த ஒரு வாத்தியாரோடு அவள் பதினெட்டு ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறாள். அப்படி எண்ணிக்கொண்டே இறந்தும் போயிருக்கிறாள். இரண்டுக்கும் உள்ள தூரத்தை என்னால் அளக்க முடியவில்லை. நடுவில் நின்றது அந்த மனிதரின் ஒரே ஒரு வாக்கியம். அதை அவர் சொன்ன வரிசைதான் என்னை உறுத்தியது. அவள் உயிரோடு இருப்பதாக நினைத்திருந்தவரை, நான் முட்டாளாக நிற்கும் கதையைச் சொன்னார். இறந்தாள் என்று தெரிந்த பின்புதான் இந்த வாக்கியம் வந்தது. துக்கத்தில் இருக்கும் கிழவனுக்கு ஒரு நல்ல மனிதர் அந்த இடத்திலேயே உருவாக்கித் தரக்கூடிய வாக்கியம் அது.

அன்று மண்டபத்திலேயே அவரை வீட்டுக்கு அழைத்திருந்தேன். அந்தத் துணி ஒன்று தன்னிடம் இருப்பதாகவும், மனைவி அதைத் தையல் மெஷினுக்குப் போர்த்தி வைத்திருப்பதாகவும் அவர் சொல்லியிருந்தார். அடுத்த ஞாயிறு காலையில் மடித்து எடுத்துக்கொண்டு வந்தார். மேசையில் விரித்தார். வெளுத்திருந்தது. நடுவில் எண்ணெய்க் கறை. வலது மூலையில், கறுப்புக் கட்டத்தை நோக்கி, நிறம் மங்கிய அம்பு ஸ்டிக்கர் அப்படியே ஒட்டியிருந்தது. எங்கள் துணியில் பிசுக்கு இருந்த அதே இடம்.

ஓரங்கள் சுருண்டன. இருவரும் கட்டைவிரலை வைத்தோம்.

“இது தப்பா அச்சாயிருக்குதுங்க,” என்றேன். “வலது மூலையில் வெள்ளை வரணும்.” அந்த மேசையில் அதை நான் வாய்விட்டுச் சொன்னது அதுவே முதல் முறை. அவர் கிரீடங்கள் காட்டிய இடங்களில் காய்களை அடுக்கத் தொடங்கினார். வெள்ளையைத் தன் பக்கம் வைத்துக்கொண்டார்.

அவர் முதல் காயைத் தொடும்வரை பொறுத்திருந்தேன். வழக்கம்போல் இதையும் கேட்காமலேயே விட்டுவிடலாம் என்று தோன்றியது. அப்படி விடுவது எனக்கு எவ்வளவு எளிது என்பதும் அப்போது விளங்கியது.

“ஒண்ணு கேக்கோணுமுங்க. அன்னைக்குக் கடைசியா சொன்னீங்களே, அழுத்தக்காரர்னு. அது அவ சொன்னதுதானுங்களா? இல்ல, என் நெலமையப் பாத்து நீங்களா சேத்துச் சொன்னதுங்களா?”

அவருக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். ஏற்கெனவே ஒருமுறை ஊர் பார்க்க அவரைச் சந்தேகப்பட்டவன் நான். அவர் கட்டைவிரலை எடுக்காமலே என்னைப் பார்த்தார்.

“சேத்துச் சொல்லணும்னா இன்னும் கொஞ்சம் நல்லதாவே சேத்துருப்பேம்லா சார்,” என்றார். “செத்தவிய வாயில போயி ‘அழுத்தக்காரன்’ங்குத வார்த்தையா வைப்பாவ?”

இடப்பக்க நடுச் சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தினார்.